கார்னரில் நிற்பவனுக்கு ஒரு வேலை வேண்டும்

ஒரகடத்தை ஒட்டிய ஒரு காலனியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் எனக்குப் போன் செய்தான். பெயர் வேண்டாம். பெயர் வெளியே தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும். வயது இருபத்தொன்று. ஐடிஐ முடித்தவன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி அணியில் ரைட் கார்னர். சுற்றுவட்டார மின்னொளிப் போட்டிகளில் அவன் கணுக்காலைப் பிடித்தால் ரைடர் திரும்பிப் போக மாட்டான் என்று பெயர் வாங்கியிருக்கிறான்.

"அண்ணா, மாவட்ட சீனியர் டீமுக்கு செலக்‌ஷன் வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை. அன்னைக்கு எனக்கு ஏ ஷிப்ட். லீவு கேட்டேன். 'கபடி ஆடணும்னா ஊர்லயே இருந்திருக்கலாமே, இங்க எதுக்கு வந்த?'ன்னு கேக்குறாங்க. போகட்டுமா, வேணாமாண்ணா?"

போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அம்மா அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அவன் வருமானம் நின்றால் அந்த வீட்டில் எது முதலில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். "நீயே யோசிச்சு முடிவு பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இப்படிச் சொன்னதில் எனக்கே வெட்கம்தான். வெள்ளிக்கிழமை காலை அவன் வழக்கம்போல் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் பேச வேண்டும். ஒரு பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பது சின்ன விசயமாகத் தெரியலாம். அப்படி இல்லை.

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஏழு பேரில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர்கள். பாடி வருபவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் அந்தக் கண நேரத்தில் கீழே பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பது இவர்கள் வேலை. ரைடர் ஒருவன் பதினெட்டு வயதிலேயே புகழ் பெறலாம். வேகமும் துணிச்சலும் போதும், ஒரே இரவில் ஊர் முழுக்கப் பேசும். பிடிக்கிறவன் அப்படி உருவாவதில்லை. நூற்றுக்கணக்கான ரைடர்களின் காலடியைப் பார்த்துப் பார்த்து, எவன் எந்தக் காலை முதலில் வைப்பான், எப்போது திரும்புவான் என்று உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரனோடு வருடக்கணக்கில் ஆடினால்தான் பேசாமலே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியும். பிடி என்பது காலம் எடுக்கும் கலை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். 1975இல் பிறந்தவர். ரைட் கார்னர். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்ற விளையாட்டுகளில் அந்த வயதில் வழியனுப்பு விழா நடத்துவார்கள். அவர் அப்போதுதான் பெங்களூரு அணிக்காகத் தொலைக்காட்சியில் முதன்முறையாக நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்தார். 2016இல் பட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில், இறுதிப் போட்டியில் ஈரானை 38-29 என்று வீழ்த்திய இந்திய அணியில் அவரும் ஒருவர். அப்போது வயது 41. அதன்பிறகு புனே, மும்பை, ஹரியானா என்று ஆடி, 2021-22 பருவத்தில் ஜெய்ப்பூர் அணிக்காகக் களத்தில் நின்றபோது 46. வடநாட்டு இளைஞர்கள்கூட அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். அரியானாவில் பிறந்தவன் வாயில் 'அண்ணா' என்ற சொல் வருகிறது என்றால், அந்த மனிதர் களத்தில் சம்பாதித்த மரியாதை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை எல்லோரும் 'வயது ஒரு தடையல்ல' என்ற தன்னம்பிக்கைப் பாடமாகச் சொல்கிறார்கள். நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். 39 வயதுவரை ஒரு கபடிக்காரர் எப்படிக் களத்திலேயே நீடிக்க முடிந்தது? பதினெட்டு வயதிலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுக்கு மேல். ஏலம் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. அந்தத் தலைமுறையைத் தாங்கிப் பிடித்தது எது?

துறை அணிகள். தேசிய கபடிப் போட்டியில் மாநிலங்களுக்குச் சமமாக ரயில்வே ஒரு தனி அணியாகவும் ராணுவம் ஒரு தனி அணியாகவும் இறங்கும். முதல் புரோ கபடி ஏலத்தில் மிக அதிக விலையான 12.80 லட்சத்துக்குப் போன ராகேஷ் குமார் ரயில்வேக்காரர். உலகக் கோப்பை வென்ற அணியின் தலைவர் அனூப் குமார் ஹரியானா காவல்துறையில் வேலை பார்த்தவர். நம்ம ஊரில் தூத்துக்குடி மாவட்டம் மணத்தியில் பிறந்து 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனுக்கு வேலை கொடுத்தது மின்வாரியம். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், போட்டி என்றால் சம்பளத்தோடு விடுப்பு, அடிபட்டால் மருத்துவம், ஆட்டம் முடிந்த பிறகும் மாதச் சம்பளம். விளையாட்டுக்காரனுக்கு நாற்பது வயதுக்குப் பிறகும் வாழ்க்கை உண்டு என்று உறுதி கொடுத்தது அந்த வேலைதான்.

இது புதிய கதையும் அல்ல. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்த பல்வாங்கர் பாலு, தொடக்கத்தில் புனேயில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தைப் பராமரிக்கும் கூலி. களத்தில் அவர் பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குத் தனிக் குவளை. திறமை அவருக்குப் பந்தைக் கொடுத்தது. பம்பாய்க்கு வந்து ரயில்வேயில் கிடைத்த வேலைதான் சோறு கொடுத்தது. நூறாண்டுக்கு முன்பே இந்தக் கணக்கு இப்படித்தான் இருந்தது.

இப்போது கொஞ்சம் தூரமாகப் போவோம். அமெரிக்கக் கால்பந்தில், அதாவது அந்த முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற ஆட்டத்தில், எதிரணிக்காரன் பந்தைப் பிடிக்க ஓடும்போது அவனோடு ஓடி அதைத் தடுக்கிறவனுக்கும் கார்னர் என்றுதான் பெயர். கார்னர்பேக். அந்த இடத்தில் ஆடியவர்களில் இன்றுவரை பெரிய பெயர் டிக் லேன். 'நைட் டிரெயின்' லேன் என்பார்கள். 1928இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் பிறந்த கறுப்பர். மூன்று மாதக் குழந்தையாகக் கைவிடப்பட்டவரை எல்லா லேன் என்ற கறுப்பினப் பெண் எடுத்து வளர்த்தார். ஓராண்டு ஜூனியர் கல்லூரி, பிறகு ராணுவம். அங்கிருந்து வெளியே வந்து லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். எண்ணெய் வழியும் உலோகத் தகடுகளைத் தூக்கி எந்திரத்தில் வைப்பது வேலை.

1952இல் ஒருநாள் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குள் நேராக நடந்து போய், தன்னைப் பற்றி வந்த செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி வைத்த நோட்டைக் காட்டி, 'ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்று கேட்டார். கொடுத்தார்கள். அந்த முதல் ஆண்டிலேயே, 12 ஆட்டத்தில், எதிரணி எறிந்த பந்தை 14 முறை இடையில் பறித்தார். பிறகு ஒரு பருவத்துக்கு 17 ஆட்டம் என்று ஆகிவிட்டது. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. 14 பருவம் ஆடி, மொத்தம் 68 பந்துகளைப் பறித்து, 1974இல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

அந்தத் தொழிற்சாலை அவரைப் பார்க்கவில்லை. அது பார்த்தது இரண்டு கையையும் ஒரு முதுகையும்தான். தகடு தூக்கியவன் இந்த நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் என்பது அங்கே இருந்த சூபர்வைசருக்குத் தெரிய எந்த வழியும் இல்லை. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கிலேயே ஒரு கறுப்பரையும் சேர்க்கவில்லை. 1946இல் ராம்ஸ் அணிதான் அந்தத் தடையை உடைத்தது. அதற்கு முன்னால் லேன் அதே கதவைத் தட்டியிருந்தால் நோட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறமை அப்போதும் அதேதான் இருந்திருக்கும்.

கதவு திறந்த பிறகும் உள்ளே எந்த இடம் கிடைத்தது என்பது இன்னொரு கேள்வி. 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சமூகவியல் படித்தவர்கள் பாடத்தில் பார்த்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவில் நின்று திட்டமிடுகிற, மற்றவர்களுக்குக் கட்டளை இடுகிற இடங்களில் வெள்ளையர்கள் நின்றார்கள். ஓட வேண்டிய, எதிர்வினை காட்ட வேண்டிய ஓரத்து இடங்களில் கறுப்பர்கள் குவிக்கப்பட்டார்கள். கறுப்பனுக்குக் கால் உண்டு, மூளை இல்லை என்ற எண்ணம்தான் யார் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தது. கார்னர்பேக் இடத்தில் இன்றும் பெரும்பாலும் கறுப்பர்களே இருக்கிறார்கள். ஒரே அணி, ஒரே சட்டை, ஒரே கொடி. ஆனால் நடு யாருக்கு, ஓரம் யாருக்கு என்பது முன்பே முடிவாகிவிட்டது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஊரும் சேரியும் நினைவுக்கு வரவில்லையா? எனக்கு ஒரகடம் நினைவுக்கு வருகிறது. வேலை நிமித்தமாக எத்தனையோ கம்பெனி வாசலில் நின்றிருக்கிறேன். காலையில் கூட்டிப் பெருக்கும் பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், லோடிங்கில் யார், தோட்டத்தில் யார், கழிவறையில் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு மனிதவளத் துறையில் யார், நிரந்தரத் தொழிலாளி யார் என்றும் கேளுங்கள். யாரும் உங்களிடம் சாதி கேட்டு வேலை கொடுப்பதில்லை என்பார்கள். ஒப்பந்தக்காரர் எந்த ஊர்க்காரர், அவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் யார் என்று பார்த்தால் போதும். சாதிச் சான்றிதழ் இல்லாமலே எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். அரசு வேலையில் கேள்வி கேட்க அரசமைப்புச் சட்டத்தின் 16(4) இருக்கிறது. இந்த மதில் சுவருக்கு உள்ளே அது செல்லாது.

இங்கே என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். கார்னரில் நிற்பவனுக்குத் தேவைப்படுவது காலம். ஒரகடம் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வதும் அதே காலத்தைத்தான். பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை. ஒரு கம்பெனியில் ஓராண்டு, பிறகு 'பிரேக்'. இன்னொன்றில் பத்து மாதம், பிறகு பிரேக். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று 2016இல் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. உதவித்தொகையில் 25 விழுக்காடு, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே கம்பெனிக்குத் திருப்பித் தரும் என்று அது தொடங்கியது. பெயர் பயிற்சி. லைனில் நிற்கும் நேரம் நிரந்தரத் தொழிலாளியின் நேரம்தான். பயிற்சி முடிந்தால் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருபத்தாறு வயதில் அவன் ஊர் திரும்பும்போது கையில் நான்கு பயிற்சிச் சான்றிதழ் இருக்கும், ஆட்டம் இருக்காது.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண்கள், தெருவுக்கு வந்தார்கள். எட்டு ஆண்டு அதன் ஆயுள். அதே 2014இல்தான் சேரலாதன் தன் 39 வயதில் இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டு ஆடினார். ஒரு பன்னாட்டு நிறுவனம் நம் மண்ணில் நின்ற காலமும் ஒரு கபடிக்காரர் முதுமையில் களத்தில் நின்ற காலமும் கிட்டத்தட்ட ஒன்று. எதை நம்பி நம் பிள்ளைகள் வாழ்க்கையைத் திட்டமிடுவது?

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்னருக்குத் தோள்பட்டை இறங்கும், முட்டியில் ஜவ்வு கிழியும். இது தொழில் நோய் மாதிரி. ஈஎஸ்ஐ இருந்தால் அறுவை சிகிச்சைக்காவது வழி உண்டு. ஆனால் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் சேர்க்கப்பட்டவர் ஈஎஸ்ஐ சட்டப்படி தொழிலாளியே இல்லை. அந்தத் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை முட்டி போனால் திங்கட்கிழமை வேலையும் போகும். அமெரிக்காவில் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு இழப்பீடு கொடுக்க லீக் 2013இல் ஒப்புக்கொண்டது. அதில் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. கறுப்பர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு பாதிப்பை அளந்தார்கள். அதனால் அதே அளவு பாதிப்புக்கு வெள்ளையருக்குக் கிடைத்த இழப்பீடு கறுப்பருக்குக் கிடைக்காமல் போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2021இல்தான் இதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்த உடம்புக்கே இந்தக் கதி. மாத உதவித்தொகை வாங்குகிற உடம்பை யார் அளக்கப் போகிறார்கள்?

கபடிக்குள் சாதி இல்லை என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில். கபடி தொட்டு ஆடும் ஆட்டம். தொடாமல் அந்த ஆட்டமே இல்லை. அதனால்தான் அது நம் மக்களுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு. தெருவுக்குள் நடந்து போனாலே முறைத்தவனின் காலைப் பிடித்து மண்ணில் சாய்க்கலாம், நடுவர் விசில் ஊதிப் புள்ளி கொடுப்பார். அந்தப் புள்ளியைத்தான் சாதி இந்துவால் தாங்க முடிவதில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து இறக்கி வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவர்கள் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கபடிக்காரனுக்கு விரல்தான் ஆயுதம். துரோணர் காலத்திலிருந்து இவர்கள் வெட்டுவது எதை என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே அரிவாளால் வெட்டினார்கள். இங்கே ஷிப்ட் அட்டவணையால் வெட்டுகிறார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் ரத்தம் வந்தது, தலைவர்கள் வந்தார்கள், வழக்கு வந்தது. மற்றதில் எதுவும் வராது. பையன் ஆட்டத்தை விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

2025 அக்டோபரில் இரண்டு நல்ல விசயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. மணத்தி கணேசனின் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' வெளிவந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா துணைத் தலைவியாக ஆடினார். சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கிய ஊரில், அந்த முகவரியையே பெருமையாகச் சொல்ல வைத்தார் அந்தப் பெண். தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. வரவேற்கிறோம். எல்லோரும் கண்ணீர் விட்டோம், ஸ்டேட்டஸ் வைத்தோம்.

ஆனால் பதக்கத்துக்குப் பிறகு வரும் பணம் வேறு, பதக்கத்துக்கு முன்னால் தாங்கும் வேலை வேறு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, சாதித்துக் காட்டியவர்களுக்கு. சாதிப்பதற்கு முந்தைய ஏழெட்டு ஆண்டை எங்கே நின்று கழிப்பது? முன்பு அதற்குப் பொதுத்துறையும் மின்வாரியமும் ரயில்வேயும் இருந்தன. இன்று அங்கே ஆள் எடுப்பது சுருங்கிக்கொண்டே போகிறது. வேலை இருக்கிற இடம் இந்த ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும்தான். அப்படியானால் அந்தப் பொறுப்பும் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

'கம்பெனி வந்தது வண்டி செய்யவா, கபடி ஆடவா?' என்று கேட்பார்கள். மும்பையில் மகிந்திரா கபடி அணி வைத்திருந்தது, பாரத் பெட்ரோலியம் வைத்திருந்தது. டாடா 1987இல் ஜாம்ஷெட்பூரில் கால்பந்து அகாடமியே தொடங்கியது. அவர்கள் யாரும் அதனால் திவாலாகவில்லை. 'புரோ கபடியில்தான் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களே' என்பார்கள். உண்மைதான். 2018 ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடி ரூபாய்க்குப் போனவரே ஒரு பிடி ஆட்டக்காரர், ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. ஆனால் 12 அணி, ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்று வைத்தாலும் நாடு முழுக்க 300 பேர். லாட்டரியை வாழ்வாதாரத் திட்டம் என்று சொல்லக் கூடாது.

அதனால் நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று. சிப்காட்டில் நிலமும் சலுகைகளும் அரசிடமிருந்து பெறுகிற ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தனது நிரந்தரப் பணியிடங்களில் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும், அதற்குள் விளையாட்டுக்காரர்களுக்கும் இடம் வைக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனை எழுதப்பட வேண்டும். பொது நிலம் வேண்டும், பொதுப் பணம் வேண்டும், பொது நியாயம் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

இரண்டு. மாவட்ட, மாநிலத் தேர்வுக்கும் போட்டிக்கும் போகிற தொழிலாளிக்கு, அவர் நிரந்தரமா, ஒப்பந்தமா, பயிற்சியா என்று பார்க்காமல், ஊதியத்தோடு விடுப்பு. தொழிற்சங்கத் தோழர்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் நின்று காட்டினார்கள். சங்கம் வைக்கும் உரிமைக்கே அவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் கேட்காதது எப்போதும் கிடைத்ததில்லை.

மூன்று. திடல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மண் இது. 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதித்தான் பஞ்சமி நிலமே வந்தது. அந்த மக்களின் கொள்ளுப்பேரன்களுக்கு இன்று ஏழு பேர் நின்று ஆட 13 மீட்டருக்கு 10 மீட்டர் சமமான தரை இல்லை. மேய்க்கால் போனது, ஏரிக்கரை போனது. இருக்கிற ஊர்த் திடல் கோயில் திடல், அங்கே நம் பிள்ளைகள் கால் வைத்தால் தகராறு. ஒவ்வொரு ஆதிதிராவிடர் காலனிக்கும் அரசுப் பதிவேட்டில் ஏறிய ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும்.

நம் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுவோம். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் அண்ணல் பெயரில் மின்னொளிக் கபடி நடத்துகிறோம். ஆளுயரக் கோப்பை கொடுக்கிறோம், தலைவருக்குச் சால்வை போடுகிறோம், பேனரில் நாற்பது முகம். பிடித்துப் பிடித்து முட்டி தேய்ந்தவனின் முகம் அதில் இல்லை. பேனர் செலவில் பாதியை எடுத்து ஆடுகிற பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு எடுங்கள். யார் எந்தப் போட்டியில் ஆடினார், எத்தனை பிடி பிடித்தார் என்று எழுதி வையுங்கள். லேன் அந்த அலுவலகத்துக்குள் நடந்தபோது அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது என்பதை மறக்காதீர்கள். நம் பிள்ளைகளிடம் நோட்டுகூட இல்லை. கழுத்தில் போட்ட மெடல் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஆட்டத்துக்கு ஆவணம் இல்லை.

அந்தத் தம்பியைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராகத் திடலுக்கு வந்திருந்தான். திடல் என்றால் கம்பெனி மதில் சுவருக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிற காலி மனை. கண் சிவந்திருந்தது. ரைட் கார்னரில் நின்றான். மூன்று பேரைப் பிடித்தான். "அடுத்த வருசம் செலக்‌ஷனுக்குப் போயிடணும்ணா" என்றான். அடுத்த வருடம் அவன் எந்தக் கம்பெனியில் இருப்பான், எந்த ஷிப்டில் இருப்பான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த முறை நான் "யோசிச்சு முடிவு பண்ணு" என்று சொல்லப் போவதில்லை. தேதி அறிவித்தவுடன் லீவுக் கடிதத்தை நாமே எழுதி, நாலு பேர் சேர்ந்து அந்த வாசலில் போய்க் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கார்னர் நிற்கிறான். அவன் எந்த ஷிப்டில் இருக்கிறான் என்று விசாரியுங்கள்.

ஜெய்பீம்.